நிறம் மாற்றியும் எடுத்துக்காட்டுப் பக்கங்கள் பழசாகவே தெரிகின்றன

ஃபிரேம்வொர்க்கைக் கற்றுக்கொள்ள வருபவர்களுக்கான எடுத்துக்காட்டு வலைப்பக்கங்கள், நிறம் மாற்றிய பிறகும் பழைய காலத்துப் பக்கம் போலவே தெரிகின்றன என்று கேட்டிருந்தீர்கள். நிறத்தை இப்போதைக்கு விடுங்கள், முதலில் வரியின் அகலத்தைக் குறையுங்கள். பாடிக்கு (பக்கத்தில் தெரியும் பகுதி முழுவதற்கும்) மேக்ஸ்-விட்த் 65 சிஎச் (சிஎச் என்பது '0' எழுத்தின் அகலம்), இடமும் வலமும் மார்ஜின் ஆட்டோ, லைன்-ஹைட் 1.5, ஓரத்தில் 1 ரெம் (பக்கத்தின் அடிப்படை எழுத்தளவு) பேடிங், அதாவது உள் இடைவெளி. பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் இந்த நாலு வரி சிஎஸ்எஸ் போட்டாலே நீங்கள் சொன்ன "பழைய காலத்துப் பக்கம்" என்ற தோற்றம் பெரும்பாலும் போய்விடும்.

போனில் மட்டும் எழுத்து பொடியாக வருகிறது என்றீர்களே, அதற்குக் காரணம் அநேகமாக பக்கத்தின் ஹெட் பகுதியில், திரையின் அகலத்துக்கு வரையச் சொல்லும் வியூபோர்ட் மெட்டா டேக் இல்லாததுதான். அது இல்லாவிட்டால் போன் பிரவுசர் பக்கத்தைச் சுமார் 980 பிக்சல் அகலத்துக்கு வரைந்து, அப்புறம் திரைக்குள் அடங்குமாறு சுருக்கிக் காட்டும். பிரவுசரின் டெவ்டூல்ஸில் (பக்கத்தைச் சோதிக்கும் கருவியில்) போன் பார்வைக்கு மாற்றி, கன்சோலில் விண்டோவின் இன்னர்விட்த் எவ்வளவு என்று பாருங்கள். 980 வந்தால் இதேதான்.

படிவத்தில் இன்புட்டும் பட்டனும் மட்டும் ஒட்டாமல் தெரிவது வேறு விஷயம். அவை பாடியின் எழுத்துருவைத் தானாக எடுத்துக்கொள்ளாது, ஃபான்ட் இன்ஹெரிட் என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

ஒன்றில் மட்டும் கவனம். கற்றுக்கொள்ள வருபவர்கள் இந்த எச்டிஎம்எல்லை அப்படியே காப்பி செய்வார்கள். டேகுக்கு ஏழெட்டு கிளாஸ் (டேகுக்கு நாம் இடும் அடையாளப் பெயர்) இருந்தால் எது ஃபிரேம்வொர்க்குக்குத் தேவை, எது வெறும் அழகு என்று அவர்களுக்குப் புரியாது. ஸ்டைல் முழுவதையும் ஒரே தனிக் கோப்பில் வையுங்கள், டேக் பெயரை வைத்தே எழுதுங்கள். அப்புறம் நீங்கள் வைத்திருக்கும் #999 என்ற சாம்பல் நிற எழுத்து வேண்டாம்: வெள்ளைப் பின்னணியில் அதன் கான்ட்ராஸ்ட் (எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு) 3:1 கூட வராது, சாதாரண எழுத்துக்கு 4.5:1 வேண்டும்.