பத்து லட்சம் கட்டுவதற்கு முன்

அம்மா, உங்கள் கடிதம் படித்தேன். மகள் இ.இ.இ. (மின்சாரம், எலக்ட்ரானிக்ஸ் பொறியியல்) முடித்துவிட்டு வீட்டில் இருப்பது உங்களுக்கு எவ்வளவு பாரம் என்று புரிகிறது. ஆனால், "பத்து லட்சம் ஆனாலும் பரவாயில்லை, எம்.பி.ஏ. சேர்த்துவிடு" என்கிற உங்கள் அண்ணன் அதில் எத்தனை ரூபாய் போடப்போகிறார்? கடன் உங்கள் தலையில். 10 சதவீத வட்டியில் ஏழு வருடத்தில் அடைப்பதென்றால் மாதத் தவணை சுமார் 16,600 ரூபாய். படிக்கிற காலத்து வட்டி தனி.

வேலை அனுபவமே இல்லாத எம்.பி.ஏ.க்களில் பலருக்குக் கிடைப்பது டார்கெட் வைத்த சேல்ஸ் வேலை. உங்கள் பெண்ணுக்கு அதில் நாட்டமில்லை. நீங்கள் எழுதியதிலேயே அது தெரிகிறது. போர்வெல் மோட்டார் ட்ரிப் ஆனபோது, "ரிலேயை அமுக்கிக்கொண்டே இருக்காதீங்கப்பா, ஒரு ஃபேஸ் வரலை" என்று மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துச் சொன்னவள் அவள். அவளுக்கு மார்க்கெட்டிங் எதற்கு?

பேங்க் எக்ஸாம், டி.என்.பி.எஸ்.சி., ஐ.டி. கோர்ஸ் எல்லாம் ஊரே சொல்லும், விடுகிறேன். யாரும் சொல்லாதது அப்ரன்டிஸ், அதாவது உதவித்தொகை வாங்கிக்கொண்டே ஒரு நிறுவனத்தில் வேலை பழகுவது. ஐ.டி.ஐ. பையன்களுக்குத்தானே என்பீர்கள். இல்லை. 1961ஆம் வருடத்து தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ் பட்டதாரிகளுக்கும் ஒரு வருடப் பயிற்சி உண்டு; இப்போது பி.ஏ., பி.காம். படித்தவர்களும் சேரலாம். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் அப்ரன்டிஸ் எடுத்தே ஆகவேண்டும். 2019 விதி பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையாக மாதம் 9,000 ரூபாய் நிர்ணயித்தது. அதில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. நேட்ஸ் (NATS) என்ற மத்திய அரசின் அப்ரன்டிஸ் இணையதளத்தில் பதிவு இலவசம். யாராவது பணம் கேட்டால் ஏமாற்று வேலை. படிப்பு முடித்து ஐந்து வருடத்துக்குள் சேர வேண்டும். வேறெங்காவது ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டால் தகுதி போய்விடும், அதனால் கிடைத்த கால் சென்டர் வேலையில் அவளை அவசரப்பட்டுத் தள்ளாதீர்கள்.

அங்கே என்ன கிடைக்கும்? மெஷினின் மின்பெட்டிக்கான பேனல் டிராயிங்கைப் பிரித்து வைத்து, எந்த ஒயர் எந்த டெர்மினலுக்குப் போகிறது என்று விரல் வைத்துத் தேடுவாள். ஷிஃப்ட் முடிகிறபோது என்ன பழுது, என்ன செய்தோம், என்ன பாக்கி என்று லாக் புக்கில் நாலு வரி, அடுத்த ஷிஃப்ட் ஆளுக்குப் புரிகிற மாதிரி எழுதுவாள். மணிக்கொரு தடவை எடுத்த ரீடிங்கை எக்ஸெல்லில் போட்டு, எது ஏறுகிறது என்று பார்ப்பாள். தெரியாததை, மெஷின் நின்றபிறகு அல்ல, அதற்கு முன்பே சூப்பர்வைசரிடம் கேட்பாள். இன்டர்வியூவில் பட்டதாரிகள் திணறுவது இதிலெல்லாம்தான். சாஃப்ட்வேர் மாறும், மெஷின் மாறும். இந்தப் பழக்கம் இருக்கிறவள் புதிதையும் கற்றுக்கொள்வாள்.

வருடம் முடிந்ததும் அங்கேயே வேலை தரவேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. சில இடங்களில் பேக்கிங்கில் நிற்க வைத்துச் சும்மா வேலை வாங்குவார்கள். அதனால் சேருமுன் அவளையே கேட்கச் சொல்லுங்கள்: எந்தப் பிரிவு, யார் சொல்லித்தருவார், போன வருட அப்ரன்டிஸ்களில் எத்தனை பேரை எடுத்தீர்கள்? பதில் மழுப்பலாக வந்தால் வேறு நிறுவனம் பார்க்கட்டும்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கிடைத்தால் அறை வாடகைக்கும் மெஸ்ஸுக்கும் இந்த உதவித்தொகை இழுபறிதான். மாதம் இரண்டாயிரம், மூவாயிரம் நீங்கள் அனுப்ப வேண்டியிருக்கும், அனுப்புங்கள். நகை மட்டும் அடகுக் கடைக்குப் போகக் கூடாது. எம்.பி.ஏ. பேச்சை அடுத்த வருடம், அவளே எடுத்தால் எடுக்கட்டும். அண்ணன் எடுத்தால் வேண்டாம்.