லேஅவுட் அப்ரூவல் பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

ரியல் எஸ்டேட் படிக்கிற தம்பி தங்கச்சிங்களுக்காக. நான் லேஅவுட் பிளான், அதாவது நிலத்த மனை மனையா பிரிக்கிற வரைபடம் போடுறவன், தமிழ்நாட்டு விதி மட்டும் சொல்றேன்.

கே: அண்ணா, சிஎம்டிஏ, டிடிசிபி, ரெரா மூணும் ஒண்ணுதானா?

ப: இல்ல தம்பி. 1971 நகர் ஊரமைப்புச் சட்டம்தான் அடிப்படை, அதுல சென்னைப் பெருநகரப் பகுதிய சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) பாக்குது, மத்த ஊருக்கு டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்). மாஸ்டர் பிளான் இருக்குற ஊர்ல எது குடியிருப்பு, எது தொழிற்சாலை, எது விவசாயம்னு அதுலயே இருக்கும், அதுக்கு ஒத்து வந்தாத்தான் லேஅவுட். ரெரான்னா ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016-ல வந்த மத்திய சட்டம், வாங்குறவங்களுக்கான பாதுகாப்பு. மொத்தம் 500 சதுர மீட்டருக்கு மேல உள்ள நிலத்துல மனை போட்டா ரெரா ஆணையத்துல பதியாம விளம்பரமே கொடுக்கக் கூடாது.

கே: பஞ்சாயத்து அப்ரூவ்டுன்னு நோட்டீஸ் குடுத்தாங்க, வாங்கலாமா சார்?

ப: வாங்காதீங்க. டிடிசிபி அனுமதி இல்லாம தலைவர் கையெழுத்து மட்டும் இருந்தா அது அப்ரூவலே இல்ல. 2016 செப்டம்பர்ல ஹைகோர்ட் அன்அப்ரூவ்டு மனைப் பதிவ நிறுத்தினப்போ, பொண்ணு கல்யாணத்துக்குன்னு வாங்கிப் போட்ட மனைய விக்க முடியாம எத்தன பேர் தவிச்சாங்க.

கே: பட்டா இருக்கே, போதாதா?

ப: பட்டா நிலம் யார் பேர்லன்னு சொல்லும், மனை போட அனுமதி ஆகாது.

கே: பட்டாவும் இருக்கு, பஞ்சாயத்து சீலும் இருக்கு சார்...

ப: மேல ரெண்டு பதிலயும் படிங்க. டிடிசிபி அப்ரூவல் நம்பர் கேளுங்க.

கே: ஓஎஸ்ஆர், அதாவது பொதுத் திறந்தவெளி ஒதுக்கீடுன்னு 10% நிலத்த சும்மா குடுக்கணுமாம், அதனாலதான மனை விலை ஏறுது?

ப: இத ஒத்துக்கவே மாட்டேன். 10,000 சதுர மீட்டர், அதாவது ரெண்டரை ஏக்கர் தாண்டுனா ரோடு போக மிச்சத்துல 10% தானப் பத்திரம் போட்டுக் குடுக்கணும். 3,000-லருந்து 10,000 வரைக்கும் நிலத்துக்குப் பதிலா பணமா கட்டலாம். புள்ளைங்க விளையாட, மழைத்தண்ணி எறங்க அந்த ஊருக்கு இருக்குற ஒரே இடம் அதுதான்.

கே: எங்க ஏரியால அது முள்ளுக்காடா கெடக்கு, இதுக்கா?

ப: அது பராமரிக்காத குத்தம், விதியோட குத்தம் இல்ல. வேலி போடச் சொல்லி பஞ்சாயத்துல மனு குடுங்க, இல்லன்னா நாளைக்கு அதையும் மனையா வித்துடுவாங்க. எங்க தெருப் பார்க் அப்படித்தான் போச்சு, தானப் பத்திரம் பதியவே இல்லன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. படிக்கிறவங்க இத மனசுல வெச்சுக்கங்க, வரைபடத்துல பச்சை கலர் இருந்தா போதாது, அந்தப் பத்திரத்தோட நகல் கையில வேணும்.

கே: அண்ணா, அப்ரூவல் இல்லாத பழைய மனைய வரன்முறை (சட்டப்படி சரி) பண்ணலாமா?

ப: 20.10.2016-க்கு முன்ன பதிவான மனையா பாருங்க, 2017-ல வந்த வரன்முறை விதி அதுக்குத்தான்.

கே: தாத்தா சொத்துல அத்தைக்குப் பங்கு உண்டா?

ப: வக்கீல்கிட்ட கேளுங்கம்மா.