கடிதம்: நடுப் பேரனும் ஆறு கோழியும்

அக்கா வணக்கம்,

கோழி வளக்குறத பத்தி நீங்க எழுதினத படிச்சுட்டு நானும் ஆறு பெட்டை வாங்கி விட்டுட்டேன். லீவுக்கு பேரப்பிள்ளைங்க மூணு பேரும் வர்றாங்க. மூத்தவளுக்கு 12, கடைக்குட்டிக்கு 4, அவங்கள பத்தி கவலை இல்ல. நடுப் பேரனுக்கு 9 வயசு, ஆட்டிசம், பேச்சு கம்மி, திடீர்னு சத்தம் வந்தா காத பொத்திக்குவான். அவன கோழி பக்கம் விடலாமா, இல்ல தள்ளி உக்கார வெச்சு வேடிக்கை பாக்க விட்டா போதுமா? மருமக ரொம்ப பயப்படுறா.

உங்க வாசகன்

தம்பிக்கு,

வேடிக்கை பாக்க மட்டும் உக்கார வெக்காதீங்க, நான் அந்த தப்ப செஞ்சவ. என் பேத்தி வீல்சேர்ல இருக்கா, கை ரெண்டும் விறைப்பா இருக்கும். முதல் தடவ அவள நிழல்ல நிப்பாட்டி "அங்க பாரு கோழி"ன்னு சொல்லிட்டு மத்த பிள்ளைங்கள கூட்டிட்டு கூண்டுக்குள்ள போயிட்டேன், ரெண்டே நாள்ல அவ அந்தப் பக்கம் திரும்பிப் பாக்குறதையே விட்டுட்டா. அப்புறம்தான் உறைச்சுது. முட்டைப் பெட்டிய அவ மடி உயரத்துக்கு தூக்கி வெச்சு, வெளியிலேருந்து திறக்குற மாதிரி ஒரு மூடி போட்டோம், முட்டை எடுக்குறது இனி அவ வேலை, வேற யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டோம். விரல் முழுசா மடங்காது, உள்ளங்கையால அணைச்சு அப்படியே உருட்டி, துணி விரிச்ச கூடைக்குள்ள தள்ளுவா. முதல் வாரம் நாலஞ்சு உடைஞ்சுது, உடையட்டும்னு விட்டேன். ஒரு நாள் அவளுக்கு காய்ச்சல்னு நான் போய் எடுத்துட்டேன் பாருங்க, எந்திரிச்சதும் என்னோட ஒரே சண்டை. அன்னிக்குதான் எனக்கு நிம்மதி.

உங்க பேரனுக்கும் அப்படி ஒரு சொந்த வேலை வேணும். பெட்டை மட்டும்தான்னு எழுதியிருக்கீங்க, நல்லதா போச்சு, முட்டைக்கு சேவல் தேவையே இல்ல, ஆசைப்பட்டு ஒண்ணு வாங்கிடாதீங்க. ஆனா பெட்டையும் முட்டை போட்டதும் கேறும், ஒண்ணு ஆரம்பிச்சா மத்ததும் சேந்துக்கும், அது அதிகமா காலைலதான். அதனால அவனுக்கு சாயங்காலத்த குடுங்க. இருட்டுல கோழிக்கு கண்ணு சரியா தெரியாது, பொழுது சாயும்போது யாரும் விரட்டாமலே தானா வந்து அடைஞ்சு அமைதியாயிடும். ஆறையும் எண்ணி, கதவ சாத்தி, தாழ்ப்பாள் போடுறது அவன் பொறுப்பு. தினம் ஒரே நேரம், ஒரே வரிசை, பேச வேண்டிய அவசியமும் இல்ல. சும்மா ஒப்புக்கு குடுத்த வேலையும் இல்ல இது, ஒரு ராத்திரி கதவு திறந்து கிடந்தா நாயோ கீரியோ வந்து அத்தனையையும் முடிச்சுட்டு போயிடும்.

சொல்லப்போனா எனக்கு பயம் உங்க கடைக்குட்டிய பத்திதான். கோழிக்கு நமக்கு இருக்குற மாதிரி உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்குற மூச்சுத் தசை) கிடையாது, நெஞ்செலும்பு அசைஞ்சாதான் மூச்சு ஓடும், ஆசையா கட்டிப்பிடிச்சு இறுக்கினா சத்தமே இல்லாம செத்துடும். குஞ்சுன்னா இன்னும் மோசம். யாரா இருந்தாலும் உக்காந்து மடில துண்டு விரிச்சு அதுமேல கோழிய விட்டுதான் தடவணும், தூக்குற பேச்சே வேண்டாம் (என் பேத்தி கை தன்னால இறுகிக்கும், அவளுக்கும் இதே வழிதான்). அப்புறம் பாக்க ஆரோக்கியமா இருக்குற கோழிகிட்டயும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், 5 வயசுக்குள்ள உள்ள பிள்ளைங்களுக்கு அது சீக்கிரம் ஒத்துக்காம போயிடும், அதனால சின்னவன் தொடாம பாக்கட்டும், முத்தம் குடுக்குறதெல்லாம் கூடவே கூடாது. மத்தவங்க தொட்டா உடனே சோப்பு போட்டு கழுவணும், நீங்களும்தான்.

மூத்தவளுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, அவளே எல்லாத்தையும் கைல எடுத்துக்குவா, தம்பி எண்ணும்போது குறுக்க பூந்து "ஆறு, ஆறு"ன்னு சொல்லாம மட்டும் பாத்துக்கோங்க.

இன்னொண்ணு, மருமககிட்ட முன்னாடியே பேசி வெச்சுக்கோங்க. என்னிக்காவது ஒரு கோழி செத்துப்போகும். ஊருக்கு போயிருக்கு, தூங்குதுன்னு எல்லாம் சொல்லிடாதீங்க, செத்துப்போச்சுன்னே சொல்லி, முடிஞ்சா காட்டிட்டு, அவனையும் வெச்சுக்கிட்டே புதைங்க. இல்லன்னா ஆறாவது வரட்டும்னு அவன் கதவ சாத்தாம ராத்திரி பூரா அங்கயே நிப்பான்.

அன்புடன்,
அக்கா