பிராந்திய விமானத்திலிருந்து தனியார் ஜெட்டுக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் சென்னையைத் தளமாகக் கொண்டு, விசிறியால் பறக்கும் ஏ.டி.ஆர். 72 ரகப் பிராந்திய விமானம் ஓட்டும் கமாண்டர் (தலைமை விமானி இருக்கையில் இருப்பவர்). வயது 36. சேலம், தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற குறுகிய தடங்களில் ஒரே நாளில் நான்கு முறை ஏறி இறங்குவது வழக்கம். இப்போது ஒரு தொழில் குழுமம், தன்னுடைய ஜெட் விமானத்துக்கு விமானியாக வரும்படி அழைக்கிறது. ஊதியம் கூடுதல், பறக்கும் நேரம் பாதிக்கும் குறைவு. முதல் ஓராண்டு துணை விமானி இருக்கை, பிறகு கமாண்டர் என்கிறார்கள். அந்த ரக விமானத்தை ஓட்டத் தகுதி தரும் பயிற்சியின் (டைப் ரேட்டிங்) செலவை அவர்களே ஏற்கிறார்கள்; அதற்கு, மூன்றாண்டு விலக மாட்டேன் என்று பாண்டு எழுதித் தர வேண்டும். அப்பா, இருக்கிற வேலையை விடாதே என்கிறார். நண்பர்களோ, ஜெட் அனுபவம் கிடைக்கும்போது யோசிக்கலாமா என்கிறார்கள். எதை வைத்து முடிவெடுப்பது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், குரோம்பேட்டை

பதில்: ஊதியம், பறக்கும் நேரம், பாண்டு, பதவி என்று எல்லாவற்றையும் கணக்கிட்டிருக்கிறீர்கள். ஒரு விவரம் மட்டும் உங்கள் கடிதத்தில் இல்லை. “இன்று விமானத்தை எடுக்க முடியாது” என்று நீங்கள் சொல்லும் நாளில், அந்த நிறுவனத்துக்குள் உங்கள் பக்கம் நின்று பேசப்போகிறவர் யார்? உங்கள் முடிவு இதற்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்தே அமைய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இப்போது நீங்கள் இருக்கும் இடத்தில், வானிலை குறைந்தபட்ச வரம்புக்குக் கீழே போய்விட்டால் விமானத்தைத் திருப்பிவிடுகிறீர்கள். பின்னால் இருக்கும் எழுபது பயணிகளில் ஒருவருக்கும் உங்கள் பெயர் தெரியாது. கட்டுப்பாட்டு அறை மாற்று ஏற்பாடு செய்கிறது, தலைமை விமானி அறிக்கை கேட்கிறார், அதோடு முடிந்தது. ஒவ்வொரு பயணத்தின் தரவுப் பதிவையும் பார்த்து, தரையிறக்கத்தில் வேகம் கூடியிருந்தால் சுட்டிக்காட்டும் பிரிவு ஒன்று இருக்கிறது. பணிநேர விதிகளும் வெளிச்சத்தில் இருக்கின்றன: 2025-ல் இரண்டு கட்டங்களாக நடைமுறைக்கு வந்த, விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதிகள் வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்த்தியபோது, அதைப் பற்றி நாடே விவாதித்தது.

தனியார் ஜெட்டில் பயணி உங்களுக்குப் பின்னால் சில அடி தொலைவில் அமர்ந்திருப்பார். உங்களுக்குச் சம்பளம் தருபவரும் அவராகவே இருக்கலாம். இரவில் தரையிறங்கும் விளக்கு வசதி இல்லாத ஒரு சிறு விமான நிலையத்துக்கு, சூரியன் மறைவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மணிக்கு வர வேண்டியவர் முகூர்த்த வீட்டிலிருந்து ஐந்தரைக்குத்தான் மீனம்பாக்கம் வந்து சேருகிறார். “கேப்டன், சமாளித்துவிடலாம் இல்லையா?” என்று அவர் கேட்பதில் மிரட்டல் எதுவும் இருக்காது, பெரும்பாலும் சிரித்தபடிதான் கேட்பார். அந்தக் கேள்விக்கு முடியாது என்று அங்கேயே, அவர் முகத்தைப் பார்த்து, நீங்கள் ஒருவராகச் சொல்ல வேண்டியிருக்கும்.

இது கற்பனையான அச்சம் இல்லை. 2001 மார்ச் 29 அன்று அமெரிக்காவின் ஆஸ்பென் நகரில் கல்ஃப்ஸ்ட்ரீம் 3 ரகச் சார்ட்டர் (வாடகை) விமானம் ஒன்று தரையிறங்கும் முயற்சியில் மலைச்சரிவில் மோதி, அதில் இருந்த 18 பேரும் உயிரிழந்தனர். பயணிகள் தாமதமாக வந்ததால், அங்கே தரையிறங்க அனுமதிக்காத இரவுக் கட்டுப்பாடு தொடங்கும் நேரம் நெருங்கிவிட்டிருந்தது. வேறு ஊருக்குத் திருப்ப வேண்டியிருக்கலாம் என்ற பேச்சே வாடிக்கையாளரைக் கோபப்படுத்தியிருந்தது. விமானி அறையின் கூடுதல் இருக்கையில் பயணி ஒருவர் அமர்ந்திருந்தார். விமானிகள் மேல் விழுந்த அந்த அழுத்தத்தையும் புலனாய்வு அறிக்கை குறிப்பிட்டுச் சொன்னது. அன்றைக்குப் பறந்த விமானிகள் அனுபவம் இல்லாதவர்கள் அல்லர்.

இன்னொரு விபத்து வேறு விதமானது. நான் அதையே அதிகம் யோசிப்பதுண்டு. 2014 மே 31 அன்று மாசசூசெட்ஸ் மாநிலம் பெட்ஃபோர்டில், ஒரு செல்வந்தருக்குச் சொந்தமான கல்ஃப்ஸ்ட்ரீம் 4 விமானம் ஓடுபாதையை விட்டு எழவே இல்லை. ஏழு பேர் இறந்தனர். விமானத்தைத் திருப்பவும் ஏற்றி இறக்கவும் இறக்கையிலும் வாலிலும் அசையும் கட்டுப்பாட்டுப் பரப்புகளை, நிறுத்தி வைக்கும்போது காற்றில் அசையாதபடி பூட்டி வைக்கும் பூட்டை, புறப்படும் முன் விமானிகள் விடுவிக்கவில்லை. வழக்கமான சோதனையைச் செய்திருந்தால் சில விநாடிகளில் தெரிந்திருக்கும். பதிவுக் கருவியைப் புலனாய்வாளர்கள் எடுத்துப் பார்த்தபோது, அதற்கு முந்தைய 175 புறப்பாடுகளில் இரண்டில் மட்டுமே அந்தச் சோதனை முழுமையாக நடந்திருந்தது. அந்த இருவரும் ஆண்டுக்கணக்கில் பெரும்பாலும் ஒருவரோடு ஒருவரே பறந்தவர்கள். ஒருவர் விட்டதை மற்றவரும் விட்டுப் பழகினார். கவனிக்க மூன்றாமவர் இல்லை. ரோஸ்டர் என்னும் பணிப்பட்டியலில் வாரம் ஒரு புதிய துணை விமானியோடு பறக்கும் உங்களுக்கு இன்று அது சலிப்பாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்த ஏற்பாடுதான் உங்கள் பழக்கவழக்கங்களைச் சரியாக வைத்திருக்கிறது.

இவற்றைச் சொல்வதால் தனியார் விமானப் பிரிவுகள் எல்லாமே அப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய நிறுவனங்களைவிடக் கண்டிப்பாக நடத்தப்படும் பிரிவுகளும் உண்டு. எது எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. அங்கே பணிபுரியும் விமானியிடம், முடிந்தால் அங்கிருந்து விலகியவரிடமும், கடைசியாக எப்போது ஒரு பயணம் விமானியின் முடிவால் நின்றது என்றும், மறுநாள் அவருக்கு என்ன நடந்தது என்றும் கேளுங்கள். நாள், ஊர், காரணம் என்று உடனே சொன்னால் நல்லது. “எங்களுக்கு அப்படி ஒரு நிலைமையே வந்ததில்லை” என்ற பதில் வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சென்னையிலிருந்து பறக்கும் எந்த விமானப் பிரிவுக்கும் அப்படி ஒரு நிலைமை வராமல் இருக்க வாய்ப்பே இல்லை.

அடுத்து, விமானம் எந்தப் பிரிவில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். கட்டணம் வாங்கி ஆள் ஏற்ற வேண்டுமானால் டி.ஜி.சி.ஏ.வின் அட்டவணையற்ற சேவை உரிமம் தேவை. தனியார் பயன்பாட்டுப் பிரிவில் உள்ள விமானத்தில் முதலாளியும் அவருடைய ஆட்களும் போகலாம். வெளியாரிடம் பணம் வாங்கி ஏற்றக் கூடாது. “நண்பர் ஒருவருக்காக” என்று அப்படி நடக்கும் பயணத்தில் ஏதாவது நேர்ந்தால் காப்பீடு கைவிரித்துவிடும். உங்கள் உரிமமும் ஆபத்துக்குள்ளாகும். இதை நேர்முகத்திலேயே தயங்காமல் கேட்டுவிடுங்கள்.

இனி, விமானம். ஏ.டி.ஆர். 25,000 அடிக்கு மேல் போவதில்லை. நீங்கள் போகப்போகும் ஜெட் 41,000 அடிக்கும் அதற்கு மேலும் போகும். அறையழுத்தம் போய்விட்டால், 25,000 அடியில் தெளிவாகச் செயல்பட உங்களுக்குச் சில நிமிடங்கள் இருக்கும். 40,000 அடியில் பதினைந்து, இருபது விநாடிகள்தான். முகமூடியை எடுத்து மாட்டும் அசைவு கைக்குத் தானாக வர வேண்டும். ஏ.டி.ஆரில் விசையைக் குறைத்ததும் விசிறிகளின் இழுவையே வேகத்தைக் குறைத்துவிடும். ஜெட் அப்படி அடங்காது, இறக்கத்தை வெகு முன்பே திட்டமிட்டாக வேண்டும். உங்களைப் போல் குறுகிய ஓடுபாதைகளிலும் பருவமழையிலும் தேறிய ஒருவர் இதையெல்லாம் கற்றுக்கொள்வார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஆண்டுக்கு எண்ணூறு மணி நேரம் பறந்தவர் முந்நூறு மணி நேரம் மட்டும் பறக்கும்போது கைப்பழக்கம் மங்கும். எனவே சிமுலேட்டர் பயிற்சிக்கு எங்கே, எத்தனை நாள் அனுப்புகிறார்கள் என்பது, உங்களுக்கு ஊதியத்தை விடப் பெரிய விஷயம்.

தரையிலும் வேலை கூடும். தரையிறங்க அனுமதி, நிறுத்த இடம், எரிபொருள், உணவு ஆகியவற்றை நீங்களே தொலைபேசியில் உறுதிசெய்ய வேண்டியிருக்கும். இரவு பதினோரு மணி மழையில், இஞ்சின் உறைகளையும் வேகமானிக் குழாய் மூடிகளையும் நீங்களும் துணை விமானியும் சேர்ந்து மாட்டிவிட்டுத்தான் வீடு திரும்புவீர்கள். மறுநாள் அவற்றைக் கழற்றினோமா என்று எண்ணிப் பார்ப்பதும் உங்கள் பொறுப்புதான். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. விமானத்தின் ஒவ்வொரு அங்குலமும் தன் கைக்குப் பழக வேண்டும் என்று விரும்புகிற விமானிக்கு இதில் நிறைவு உண்டு.

திரும்பி வரும் வழியையும் பார்த்துவிடுங்கள். விமான நிறுவனத்தில் பணிமூப்பு, வெளியேறிய நாளோடு போய்விடும். திரும்பினால் வரிசையின் கடைசியில்தான் இடம். 2017-ல் டி.ஜி.சி.ஏ. கொண்டுவந்த விதிப்படி கமாண்டர் ஓராண்டும் துணை விமானி ஆறு மாதமும் முன்னறிவிப்பு தர வேண்டும். நிறுவனம் முன்கூட்டியே விடுவித்துத் தடையின்மைச் சான்று தந்தால்தான் இந்தக் காலம் குறையும். அந்த ஓராண்டு வரை இருக்கை காத்திருக்கும் என்று குழுமம் எழுத்தில் தருகிறதா? “ஓராண்டில் கமாண்டர்” என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கிறதா, வாய்மொழிதானா? மூன்றாண்டு பாண்டு ஓடிக்கொண்டிருக்கும்போது அவர்களே விமானத்தை விற்றுவிட்டால் பாண்டு என்ன ஆகும்? தொழிலில் தொய்வு வந்தால் முதலில் விலை போவது விமானம்தான் என்பதால், இந்தக் கடைசிக் கேள்வியை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே கையெழுத்திடுங்கள்.

என் தீர்ப்பைக் கேட்டால்: விமானிகளின் தலைவராக ஒரு விமானியே இருந்து, அவர் நிர்வாகத்திடம் நேரடியாகப் பேசக்கூடியவராகவும் இருந்து, இரண்டு விமானங்களாவது இருந்தால், போகலாம். ஒரே விமானம், அதன் பயணங்களை முடிவு செய்வது அலுவலக மேலாளர் என்றால், இரண்டு மடங்கு ஊதியம் தந்தாலும் போகாதீர்கள். ஜெட் அனுபவம்தான் நோக்கம் என்றால், உங்கள் நிறுவனத்திலேயே ஏர்பஸ் மாற்றப் பயிற்சிக்கு வழி உண்டா என்று முதலில் பாருங்கள். சென்னையிலேயே தலைமையகம் வைத்துப் போயிங் விமானங்கள் இயக்கும் புளூ டார்ட் ஏவியேஷன் போன்ற சரக்கு நிறுவனங்களையும் நம் விமானிகள் பலர் யோசிப்பதே இல்லை. இரவுப் பணி அதிகம்தான். ஆனால் அங்கே முறையான ரோஸ்டர் உண்டு, ஜெட் அனுபவமும் உண்டு.

கேள்வி: என் மகன் 200 மணி நேரம் முடித்து வணிக விமானி உரிமம் வாங்கி ஓராண்டாகிறது. ஒரு சார்ட்டர் நிறுவனம், கிங் ஏர் என்ற சிறிய விசிறி விமானத்துக்கான டைப் ரேட்டிங் செலவை நாங்களே கட்டினால் வேலை தருகிறோம் என்கிறது. வீட்டை அடகு வைத்துத்தான் படிக்க வைத்தோம். மறுபடியும் கடன் வாங்கலாமா?
— ஒரு தாய், அம்பத்தூர்

பதில்: அம்மா, நியமனக் கடிதம் கைக்கு வருமுன் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். கடிதத்தில் மாதச் சம்பளமும், துணை விமானியாகக் குறைந்தது எத்தனை மணி நேரம் பறக்க வைப்பார்கள் என்பதும் இருக்க வேண்டும். பணம் கட்டிப் பயிற்சி முடித்த பின், பறக்க வாய்ப்பில்லாமல் அலுவலகத்தில் காகித வேலை பார்க்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். கிங் ஏர் பி 200 நல்ல விமானம். நம் ஊரில் மருத்துவ அவசரப் பயணங்களுக்கும் அது போகிறது. ஆனால் அதன் அதிகபட்சப் புறப்பாட்டு எடை 5,670 கிலோ. விமானங்களைப் பெரியவை, சிறியவை என்று பிரிக்கும் 5,700 கிலோ எல்லைக்குச் சற்றே கீழே வருகிறது. பின்னாளில் பெரிய நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கும்போது அந்த அனுபவத்தை அங்கே எப்படி மதிப்பார்கள் என்று இப்போதே விசாரிக்கச் சொல்லுங்கள். வீட்டின் மேல் இன்னொரு கடன் வேண்டாம். பயிற்சிச் செலவை நிறுவனம் ஏற்று, அதற்கு ஈடாக பாண்டு கேட்டால் தரலாம். முழுச் சுமையையும் உங்கள் தலையில் வைக்கும் இடத்தில் மகனைச் சேர்க்க வேண்டாம்.

கேள்வி: கணவர் தனியார் ஜெட்டில் விமானி. பறப்பது மாதத்தில் சில நாள்கள்தான். ஆனால் எப்போது அழைப்பு வரும் என்று தெரியாததால் ஒரு கல்யாணத்துக்குக்கூட வருகிறோம் என்று வாக்குத் தர முடியவில்லை. விடுமுறை நாள்களை முன்கூட்டியே சொல்லும்படி நிர்வாகத்திடம் கேட்பது நியாயமா?
— வாசகி, மடிப்பாக்கம்

பதில்: முற்றிலும் நியாயம். பறக்காத நாளெல்லாம் ஓய்வு நாள் என்று நிர்வாகங்கள் கணக்கிடுவதுண்டு. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே கழியும் நாள் ஓய்வாகாது. தூக்கத்தைத் திட்டமிட முடியாத விமானி இரவில் அழைக்கப்படுவது பாதுகாப்புப் பிரச்சினையும்கூட. மாதத்தில் குறிப்பிட்ட நாள்களை அழைப்பே வராத விடுமுறையாக, முந்தைய மாதமே எழுத்தில் தரும்படி அவர் கேட்கட்டும். மூன்று விமானிகள் உள்ள இடத்தில் இதைச் செய்ய முடியும். இருவர் மட்டும் என்றால், மூன்றாமவரை ஒப்பந்த முறையிலாவது அமர்த்தும்படி இருவரும் சேர்ந்து கேட்க வேண்டும். தேர்தல் காலமும் முகூர்த்த மாதங்களும் சார்ட்டர் தேவை ஏறும் நாள்கள் என்பதால், அதற்கு முன்பே இந்தப் பேச்சை முடித்துவிடச் சொல்லுங்கள்.