அட்வைஸ் வந்தும் கேட்காத தங்கை

கேள்வி: என் தங்கைக்குக் கேரள பி.எஸ்.சி.யிலிருந்து (அரசுப் பணியாளர் தேர்வாணையம்) இடுக்கி மாவட்டத் தமிழ் மீடியம் எல்.பி. (தொடக்கப் பள்ளி) ஆசிரியை வேலைக்கு அட்வைஸ் மெமோ, அதாவது வேலைக்குப் பரிந்துரைக்கும் கடிதம், வந்திருக்கிறது. கோவையில் தனியார் பள்ளியில் இருக்கிறாள். ‘மலை ஏற மாட்டேன்’ என்று ஒரே பிடிவாதம். என்ன சொல்லி வழிக்குக் கொண்டுவருவது?
– ஓர் அண்ணன், வண்டிப்பெரியார்

பதில்: மற்ற ஊர்களில் அட்வைஸ் என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அட்வைஸ் வரவில்லையே என்று ஏங்குகிற ஜனங்கள் கேரளத்தில்தான் உண்டு. ராங்க் லிஸ்ட் காலாவதியாகுமுன் அது வந்துவிடாதா என்று 2021-ல் தலைமைச் செயலக வாசலில் வாரக்கணக்கில் கிடந்தார்கள். உங்கள் வீட்டிலோ கவர்மெண்ட் ஒன்று கொடுத்தது போதாதென்று பெரியப்பா, மாமா, நீங்கள் என ஆளுக்கொன்று கொடுத்திருப்பீர்கள்.

பெரியப்பா ‘பென்ஷன் வரும் பாப்பா’ என்றிருப்பார். காரியம் கெட்டதே அங்கேதான். 2013 ஏப்ரல் முதல் சேருகிறவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியம்; சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததில் மாதாமாதம் 10 சதவீதம் பிடிப்பார்கள். தங்கைக்கு இது தெரியும். ‘சேர்ந்துட்டு லீவ் போட்டு துபாய் போயிடு’ என்கிற மாமாவும் பழைய ஆள்தான்: 20 வருஷம் வரை கிடைத்த சம்பளமில்லா விடுப்பை 2020-ல் 5 வருஷமாக வெட்டிவிட்டார்கள்.

அடிப்படைச் சம்பளம் 35,600-ல் ஆரம்பம், பஞ்சப்படி தனி. இதை ஒரு தாளில் எழுதி, கோவைப் பள்ளியின் சம்பளச் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள்.

மெமோ மட்டும் வேலை ஆகாது. கல்வித் துறையின் நியமன உத்தரவு தனியாக வரும். எந்தப் பள்ளி, எந்தத் தேதிக்குள் சேர வேண்டும் என்பதெல்லாம் அதில்தான். பள்ளி தெரிந்ததும் ஒரு திங்கட்கிழமை காலை அவளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். ஜீப் பிடிக்காதீர்கள், நாளைக்கு அவள் போகப்போவது பஸ்ஸில். பயம் மலையா, கடைசி பஸ்ஸா, பள்ளிக் கழிப்பறையா என்று அங்கே தெரிந்துவிடும். கோவையில் உடனே விடமாட்டார்கள் என்றால், கெடு முடிவதற்குள் கூடுதல் அவகாசம் கேட்டு நியமன அதிகாரிக்கு எழுத்தில் மனு போக வேண்டும். கெடு தாண்டினால் ‘என்.ஜே.டி.’ (வேலையில் சேரவில்லை) என்று எழுதி பி.எஸ்.சி.க்கு அனுப்பிவிடுவார்கள், இடம் அடுத்தவருக்குப் போகும். இந்த லிஸ்ட்டிலிருந்து அவளுக்கு இன்னொரு அட்வைஸ் வராது. வேண்டவே வேண்டாம் என்றிருந்தால் மெமோவுக்கு முன்பே விலகல் கடிதம் கொடுத்திருக்க வேண்டும்.

இனி நம் பழைய ஒப்பாரி. 1956 நவம்பர் 1-ல் மாநிலங்களைப் பிரித்தபோது செங்கோட்டை தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது, தேவிகுளமும் பீருமேடும் கேரளத்திலேயே நின்றுவிட்டன. வருஷா வருஷம் நவம்பரில் மைக் பிடிக்கிறோம். ஜூனில் ஆறாவது வேலை நாளன்று பிள்ளைகளை எண்ணி ஆசிரியர் இடத்தை முடிவு செய்கிறார்களே, அன்றைக்கு ஒருவரையும் காணோம். டீச்சர் இல்லாத தமிழ் வகுப்பில் தேயிலைத் தோட்டத்து லயத்துக்காரர்கள் எத்தனை நாள் பிள்ளையை விட்டுவைப்பார்கள்? இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றுவார்கள், தலை குறையும், அந்த இடமே போகும்.

இதையும் தங்கையிடம் சொல்லிப் பாருங்கள். சம்பளச் சீட்டுக்கு அப்புறம்.