மஞ்சள் இலைக்கு யூரியா போடலாமா? வீட்டுத்தோட்டக் கேள்வி பதில்

கேள்வி: சாடியில் நிற்கும் எக்ஸோராவும் ரோசாவும் தளிர்விடும்போதே மஞ்சளடிக்கின்றன. நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிறது. யூரியா போட்டும் மாறவில்லை. கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்றுகிறோம். (வாசகி, கோப்பாய்)

பதில்: யூரியாவை இன்றோடு நிறுத்துங்கள். தளிர் வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறைபாடு. யூரியா தருவது தழைச்சத்து. அது குறைந்தால் அடியிலுள்ள முதிர்ந்த இலைகள்தான் முதலில், நரம்போடு சேர்ந்து மஞ்சளாகும். செடி பழைய இலையிலிருந்து தழைச்சத்தை உருவித் தளிருக்குக் கொடுத்துவிடும். இரும்பை அப்படி நகர்த்த அதனால் இயலாது. இலை விளிம்பும் நுனியும் தீய்ந்தாற்போல் கபிலமானால் அது மூன்றாவது வகை: தண்ணீரில் உப்பு கூடிவிட்டது.

எங்கள் யாழ்ப்பாணச் செம்மண்ணில் இரும்பு நிறையவே உண்டு, அந்தச் சிவப்பே இரும்பின் நிறம்தான். சிக்கல் சுண்ணக்கல்லில். கிணற்றுநீர் சுண்ணக்கல்லுக்குள் தேங்கி நிற்பதால் அதில் சுண்ணாம்புச் சத்து கூட. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். அந்தத் தண்ணீரை நாள்தோறும் ஊற்ற மண்ணில் காரத்தன்மை ஏறும், இருக்கிற இரும்பையும் வேரால் எடுக்க முடியாமல் போகும். நிலத்தில் நிற்கும் செடிக்கு மாரி மழை மண்ணைக் கழுவிக் கொடுக்கும். தாழ்வாரத்துச் சாடிக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

முதலில் ஒரு கிளையில் மட்டும் சோதித்துப் பாருங்கள். ஒரு லீற்றர் மழைநீரில் 5 கிராம் பெரஸ் சல்பேற்று என்ற இரும்பு உப்பு (மட்டமாக ஒரு தேக்கரண்டி), ஒரு தேக்கரண்டி தேசிக்காய்ப்புளி, இரண்டு துளி பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் இருபுறமும் தெளியுங்கள். ஒரு கிழமை, பத்து நாளில் அந்தக் கிளை மட்டும் பச்சை பிடித்தால் சந்தேகமே இல்லை. பிறகு செடி முழுவதும் பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை தெளிக்கலாம். பெரஸ் சல்பேற்றைப் பளிங்கு போன்ற இளம்பச்சைக் கட்டியாகப் பார்த்து வாங்குங்கள், கபிலத் தூளாக மாறியது பயன்படாது. கிணற்றுத் தண்ணீரில் கரைத்தாலும் இரும்பு துருவாகி அடியில் படிந்துவிடும். வெள்ளைச் சுவரிலும் சீமெந்துத் தரையிலும் பட்டால் கறை போகாது.

இந்தக் கரைசலையே வேரடியில் ஊற்றினால் காரமண் அதிலுள்ள இரும்பை ஓரிரு நாளில் முடக்கிவிடும். துருப்பிடித்த ஆணி புதைப்பதும் அதே காரணத்தால் வீண். மண்ணில் இடுவதென்றால் 'ஈடிடிஎச்ஏ' (EDDHA) வகை இரும்புக் கலவை கேளுங்கள். விலை கூட, ஆனால் காரமண்ணில் நின்று வேலை செய்வது அதுதான். மலிவான 'ஈடிடிஏ' (EDTA) இங்கே அதிகம் தாங்காது.

நிரந்தரத் தீர்வு மழைநீர். ஐப்பசி முதல் மார்கழி வரை கூரைத் தண்ணீரை மூடியுள்ள பரலில் பிடித்து, இந்த இரண்டு செடிகளுக்கென்றே ஒதுக்குங்கள். சாடி மாற்றும்போது செம்மண், நன்றாக உக்கிய கூட்டெரு, இரண்டு மூன்று தரம் கழுவிய தும்புச்சோறு மூன்றும் சம அளவு போதும். கழுவாத தும்புச்சோற்றில் உப்பு இருக்கும். அடுப்புச் சாம்பலும் முட்டைக்கோதும் இந்தச் செடிகளுக்கு வேண்டாம், இரண்டும் காரத்தைக் கூட்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். செடி எடுக்காத யூரியா நைத்திரேற்றாகிச் சுண்ணக்கல் வெடிப்புகளுக்குள்ளால் நிலத்தடி நீருக்கு இறங்கும். குடாநாட்டில் நாங்கள் குடிப்பதும் அந்த நீரைத்தான்.

கேள்வி: தக்காளிக் காயின் அடி கறுத்துக் குழிகிறது. கல்சியம் குறைவென்றார்கள், சுண்ணாம்பு போட்டேன். பலனில்லை. (வாசகர், சுன்னாகம்)

பதில்: குறைவது கல்சியம்தான், ஆனால் காயில், உங்கள் மண்ணில் அல்ல. கல்சியம் தண்ணீரோடுதான் செடிக்குள் ஏறும். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் வெள்ளமாக இறைத்தால் வேகமாகப் பருக்கும் காயின் அடிக்கு அது போய்ச்சேராது. அளவாக நாள்தோறும், காலையில் ஊற்றுங்கள். அடியில் வைக்கோலோ காய்ந்த இலையோ நான்கு விரல் தடிப்பில் பரப்பினால் ஈரம் நிற்கும். தழைச்சத்துக் கூடினாலும், தண்ணீர் சவர்த்தாலும் இதே நோய் வரும். கறுத்த காய்களைப் பிடுங்கிவிடுங்கள், அவை தேறா. அடுத்த காய்கள் சுத்தமாக வரும்.

கேள்வி: கறிவேப்பிலைக் கன்று ஒற்றைத் தடியாக உயர்கிறது. இலையில் பறவை எச்சம்போல் புழு. (வாசகி, வேலணை)

பதில்: இடுப்பளவு உயர்ந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், பக்கக் கிளை வெடிக்கும். சமையலுக்கு இலையை உருவாமல் ஈர்க்கோடு ஒடியுங்கள். அந்தப் புழு பெரிதானதும் பச்சையாகிவிடும். தேசிமரத்துக்கு வரும் வண்ணத்துப்பூச்சியின் புழு அது. தேசியும் பக்கத்தில் நின்றால் இரண்டையும் பாருங்கள். கையால் பொறுக்கினாலே போதும், உண்ணும் இலைக்கு நஞ்சு அடிக்காதீர்கள்.

கேள்வி: செவ்வரத்தை நுனி சுருண்டு, வெள்ளைப் பஞ்சு அப்பியதுபோல் இருக்கிறது. சவர்க்காரத் தண்ணீர் அடித்தும் போகவில்லை. (வாசகர், நல்லூர்)

பதில்: மாவுப்பூச்சி. சவர்க்காரம் தோற்றதற்கும் கிணற்றுத் தண்ணீரே காரணமாக இருக்கலாம். சுண்ணாம்புச் சத்து சவர்க்காரத்தோடு சேர்ந்து திரிதிரியாகிவிடும், பூச்சியின் மேல் பிடிக்காது. மழைநீர் ஒரு லீற்றரில் வேப்பெண்ணெய் ஒரு தேக்கரண்டி, பாத்திரம் கழுவும் திரவம் அரைத் தேக்கரண்டி விட்டு நன்றாகக் குலுக்குங்கள். எண்ணெய் மேலே மிதந்தால் அடிக்காதீர்கள், இலை கருகும்.

அதற்கு முன் சுருண்ட நுனிகளை வெட்டிப் பையில் கட்டி அகற்றுங்கள், கூட்டெருக் குழியில் போட வேண்டாம். மிச்சத்தைக் குழாய்த் தண்ணீரை விசையாகப் பீய்ச்சிக் கழுவி, மாலையில் மருந்தைத் தெளியுங்கள். ஆறு நாளுக்கு ஒருமுறை, மூன்று தடவை. முட்டை பஞ்சுக்குள் பத்திரமாக இருப்பதால் ஒரு தடவை போதாது. தண்டில் எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள். பூச்சி கழிக்கும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காத்து, பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டை விரட்டும். தண்டில் ஒரு சாண் அகலத்துக்குப் பிளாஸ்ரிக் தாள் சுற்றி, அதன்மேல் கிறீஸ் பூசிவிடுங்கள். சுவரிலோ வேலியிலோ முட்டும் கிளைகளையும் வெட்டுங்கள், இல்லாவிட்டால் எறும்பு அந்த வழியால் ஏறும்.