வலி குறைந்த நாளில் எவ்வளவு வேலை செய்யலாம்?
வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு வயது 43. ஆறு ஆண்டுகளாகக் கழுத்து, தோள், இடுப்பு, முழங்கால் என்று உடல் முழுவதும் வலி. இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாவற்றிலும் குறை எதுவும் இல்லை என்றார்கள். சென்ற ஆண்டுதான் ஒரு மருத்துவர் இது ஃபைப்ரோமயால்ஜியா என்று சொன்னார். வலி குறைந்திருக்கும் நாளில், தேங்கிக் கிடக்கும் வேலைகளையெல்லாம் முடித்துவிடுகிறேன். அடுத்த மூன்று நாள் எழுந்திருக்க முடிவதில்லை. “நேற்று நன்றாகத்தானே இருந்தாய்?” என்று மாமியார் கேட்கிறார். வீட்டு வேலையை எப்படிச் சமாளிப்பது? அவருக்கு என்ன பதில் சொல்வது? – வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: இந்த நோயில் மூட்டு தேய்வதுமில்லை, தசை சிதைவதுமில்லை. வலியை உணர்த்தும் நரம்பு மண்டலமே, பிறருக்கு உறைக்காத சிறு அழுத்தத்தையும் அசதியையும் பெருக்கிக் காட்டுகிறது என்பதால், எக்ஸ்ரேயில் தெரிவதற்கு அங்கே ஒன்றும் இருப்பதில்லை. 1990இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் வகுத்த முறைப்படி, உடலில் 18 இடங்களை அழுத்திப் பார்த்து, 11 இடங்களிலாவது வலித்தால்தான் இந்நோய் என்று கொள்வார்கள். 2010இல் அந்தக் கணக்கைக் கைவிட்டு, வலி எத்தனை இடங்களில் பரவியிருக்கிறது, தூங்கி எழுந்த பிறகும் களைப்பு இருக்கிறதா, மறதி உண்டா என்று நோயாளியையே கேட்டறியும் முறைக்கு வந்தார்கள்.

இனி நீங்கள் கேட்ட முக்கியமான விஷயம். வலி மிகுந்த நாளில் நீங்கள் தவறு எதுவும் செய்வதில்லை. தவறு நடப்பது வலி குறைந்த நாளில்தான். அன்று மாவாட்டி, போர்வைகளைத் துவைத்து, பரணையும் ஒழித்து வைத்தால், அதன் பாக்கியை அடுத்த மூன்று நாளும் உடல் வசூலித்துக்கொள்கிறது. அமெரிக்க உளவியலாளர் வில்பர்ட் ஃபோர்டைஸ், நாள்பட்ட வலியுள்ளவர்கள் வலி நிறுத்தும் வரை வேலை செய்யாமல், முன்பே குறித்துக்கொண்ட அளவு முடிந்ததும் நிறுத்த வேண்டும் என்று வற்புறுத்தினார். என் அனுபவத்தில், நோயாளிகள் கேட்டவுடன் தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் செய்யாமல் விடுகிற அறிவுரையும் இதுவேதான். ஏனென்றால், உடம்பு ஒத்துழைக்கும்போது பாதி வேலையில் நிறுத்துவதற்கு மனம் இடம் கொடுப்பதில்லை.

அளவை எப்படிக் குறிப்பது? சமையலறையில் நிற்பதையே எடுத்துக்கொள்வோம். நல்ல நாளும் கெட்ட நாளும் கலந்த ஆறு நாள்களில், வலி கூடத் தொடங்கும் வரை எத்தனை நிமிடம் நிற்க முடிந்தது என்று எழுதி வையுங்கள். 10, 14, 18, 20, 12, 16 என்று வந்தால் சராசரி 15. அதில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 12 நிமிடம், உங்கள் அளவு. பன்னிரண்டாவது நிமிடத்தில் அடுப்பைத் தணித்துவிட்டு ஐந்து நிமிடம் உட்காருங்கள். வலி இல்லாவிட்டாலும் உட்காருங்கள். கைபேசியில் அலாரம் வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் தாளித்துக்கொண்டிருக்கும்போது நேரம் தெரியாது. இரண்டு வாரம் சிரமமில்லாமல் கடந்தால் ஒரு நிமிடம் கூட்டலாம். கெட்ட நாளிலும், படுத்தே கிடக்காமல், அந்த அளவில் பாதியையாவது செய்யப் பாருங்கள்.

வேலையின் உருவத்தையும் மாற்ற வேண்டும். காலைக்கான காய்களை முந்தின நாள் மாலையே, அரிவாள்மணையில் குனிந்து நறுக்காமல், மேசையருகே நாற்காலியில் அமர்ந்து நறுக்கி வைக்கலாம். குடத்தைத் தூக்கிச் சாய்ப்பதற்குப் பதிலாகச் சொம்பால் மொண்டு ஊற்றலாம். வாளியைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். துணியை வாரம் ஒருமுறை மலையாகக் குவித்துத் துவைப்பதைவிட, அன்றன்றைக்கு நான்கைந்து உருப்படிகளை அலசுவது எளிது. பொங்கலுக்கு வீடு ஒழிப்பதை மார்கழி தொடங்கியதுமே நாளுக்கொரு அலமாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்; போகிக்கு முந்தைய நாள் ஒரே மூச்சில் செய்கிற வழக்கம் உங்களுக்கு ஆகாது.

உங்கள் மாமியார் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். நீங்கள் ஒருநாள் பம்பரமாகச் சுழன்று மறுநாள் படுத்துவிட்டால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது நடிப்பாகத் தெரிவதில் வியப்பில்லை. அவரிடம் வாதாட வேண்டாம். வலி குறைந்த நாளில், “அத்தை, இன்று இவ்வளவுதான் செய்யப்போகிறேன், அப்போதுதான் நாளையும் எழுந்திருக்க முடியும்” என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். ஒரு மாதம் அவரும் கவனிக்கட்டும்.

கேள்வி: என் மனைவிக்கும் இதே நோய். எல்லா வேலையையும் நானே செய்துவிடுகிறேன். ஆனாலும் அவளுடைய வலி குறையவில்லையே? – வாசகர், சேலம்

பதில்: உங்கள் அன்பைக் குறை சொல்லவில்லை, ஆனால், எல்லா வேலையையும் வாங்கிக்கொள்வது அவருக்கு உதவாது. அசையாத உடம்பு மேலும் வலுவிழந்து, முன்பு வலிக்காத வேலைக்கும் வலிக்கத் தொடங்கும். ஐரோப்பிய வாதநோய் மருத்துவர் அமைப்பு 2016இல் இந்நோய்க்கான சிகிச்சைகளை எடைபோட்டபோது, உறுதியாகப் பரிந்துரைத்தது உடற்பயிற்சி ஒன்றைத்தான். மாலையில் அவரோடு பத்து நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். கனமான வேலையை நீங்கள் வைத்துக்கொண்டு, உட்கார்ந்து செய்வதை அவரிடம் விடுங்கள். “வலிக்கிறதா?” என்று மணிக்கொரு தரம் கேட்பதையும் குறைத்துக்கொள்ளுங்கள், வேறு பேச்சு பேசலாமே.

கேள்வி: மருந்துக் கடையில் கொடுக்கும் வலி மாத்திரையை தினமும் போடுகிறேன். இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை உண்டு. ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு மருத்துவர் எழுதிய மருந்தோ மனச்சோர்வுக்கானது என்கிறார்கள், அதனால் போடவில்லை. – வாசகி, மதுரை

பதில்: கடை மாத்திரை பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் அல்லது அசிக்ளோஃபெனாக் கலந்ததாக இருக்கும். அவை வீக்கத்தால் வரும் வலிக்கானவை. ஃபைப்ரோமயால்ஜியாவில் வீக்கம் இல்லாததால் பயன் மிகக் குறைவு. நாள்தோறும் போட்டால் இரைப்பையில் புண் வரலாம்; இரத்த அழுத்தம் ஏறலாம்; சில இரத்த அழுத்த மாத்திரைகளுடன் சேரும்போது சிறுநீரகமும் கெடலாம். மலம் கறுத்துப் போனால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அமிட்ரிப்டிலின், டுலோக்செடின் போன்றவை மனச்சோர்வுக்கும் தரப்படுபவைதாம். ஆனால், வலியைக் கடத்தும் நரம்புகளின் வேகத்தைத் தணிப்பதற்காகவே இந்நோயில் தருகிறார்கள், அமிட்ரிப்டிலினை மிகக் குறைந்த அளவில் இரவில். உங்களை மனநோயாளி என்று மருத்துவர் கருதியதாக எண்ண வேண்டாம். கடை மாத்திரையின் அட்டையையும் இரத்த அழுத்த மாத்திரையையும் எடுத்துக்கொண்டு அவரிடமே திரும்பச் சென்று, சிறுநீரகச் செயல்பாட்டுக்கான கிரியாட்டினின் பரிசோதனையும் தேவையா என்று கேளுங்கள்.